கழுத்துப் பட்டையா, பாடி பெல்ட்டா? நாயின் கழுத்தோடு கயிற்றைப் பிடிக்கும் கையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருவின் அல்சூர், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் தெருக்களில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்தால் ஒன்று தெரியும். நாயை வாக்கிங் கூட்டி வருபவர் பல வீடுகளில் அதை வாங்கியவராக இருப்பதில்லை. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் அப்பா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பத்தாவது படிக்கும் பிள்ளை, நான்கு வீட்டு நாய்களைச் சேர்த்து நடத்தும் தம்பி, இவர்கள்தான் வருகிறார்கள். பெல்ட்டை வாங்குவது ஒருவர், அதன் இழுப்பைத் தாங்குவது இன்னொருவர். கழுத்துப் பட்டை நல்லதா, நெஞ்சைச் சுற்றி மாட்டும், கடைக்காரர்கள் பாடி பெல்ட் என்று சொல்லும் ஹார்னஸ் நல்லதா என்ற கேள்விக்கு, நாய்ப் பயிற்சித் தொழிலில் இருக்கும் நாங்கள் சொல்லும் பதிலில் அந்த இன்னொருவரும் இருக்கிறார்.

முதலில் நாயின் கழுத்து. முன்பக்கத் தோலுக்குச் சற்று உள்ளே மூச்சுக்குழாய் இறங்குகிறது. பிறை வடிவக் குருத்தெலும்புகள் அடுக்கடுக்காக அதைத் தாங்குகின்றன. பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில் போன்ற சிறிய நாய்களில் வயது ஏற ஏற இந்தக் குருத்தெலும்பு தளர்ந்து குழாய் தட்டையாவது உண்டு. அப்போது வாத்து கத்துவதுபோல ஒரு வறட்டு இருமல் வரும். கழுத்தில் கட்டிய கயிறு இறுகும்போதெல்லாம் அது கிளம்பும். இந்தச் சத்தம் கேட்டால் ‘தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது’ என்று இருந்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; பட்டையை அன்றைக்கே கழற்றுங்கள். தைராய்டு சுரப்பி, தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் சிரைகள், முதுகெலும்பின் கழுத்துப் பகுதி எல்லாம் அந்தச் சில அங்குலத்துக்குள்தான் இருக்கின்றன.

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. நாய்கள் கழுத்துப் பட்டையோடு இழுக்கும்போது கண்ணின் உள் அழுத்தம் தெளிவாக உயர்ந்தது, ஹார்னஸோடு இழுக்கும்போது அப்படி உயரவில்லை என்று 2006ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கண் அழுத்த நோய் உள்ள நாய்க்கும், கண் முன்துருத்திய பக், ஷிட்சு நாய்களுக்கும் இது சிறிய விஷயமில்லை. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழகத்தார் 2020ல் செயற்கைக் கழுத்து ஒன்றில் அழுத்த உணரிகளைப் பொருத்திப் பலவகைப் பட்டைகளை இழுத்துப் பார்த்தார்கள். எந்த வகையானாலும் வலுவாகவோ வெடுக்கென்றோ இழுத்தால் காயப்படுத்தக்கூடிய அழுத்தம் வந்தது. ‘அகலமானது, உள்ளே பஞ்சு வைத்தது, ஒன்றும் ஆகாது’ என்று விற்கப்படுவதை நம்பி இழுக்கும் நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டாதீர்கள். இழுத்தால் இறுகும் சோக் செயினையும் உட்புறம் முள் வைத்த பட்டையையும் வாங்கவே வேண்டாம்.

அதற்காகக் கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதில்லை. அதன் வேலை முகவரி சொல்வது. வீட்டுத் தொலைபேசி எண் பொறித்த வில்லை ஒன்று நாயின் கழுத்தில் எப்போதும் இருக்க வேண்டும். மைக்ரோசிப் போட்டிருந்தாலும் அதன் 15 இலக்க எண்ணைப் படிக்கக் கருவி வேண்டும். வில்லையைப் பால்காரர்கூடப் படித்துவிடுவார். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கயிறு தொய்வாகவே இருக்க, பக்கத்திலேயே நடக்கப் பழகிய நாய்க்கு அகலமான சாதாரணப் பட்டையில் கயிறு மாட்டினாலும் கேடில்லை. ஆனால் தெருநாய் குரைத்தாலும் பூனை குறுக்கே ஓடினாலும் அந்தக் கயிறு தொய்வாகவே இருக்குமா என்பதை வைத்துத்தான் நாய் பழகியதா இல்லையா என்று சொல்ல முடியும்.

இனி ஹார்னஸ். ‘இதைப் போட்டால் இழுப்பதை விட்டுவிடும்’ என்று எண்ணி வாங்குபவர்கள் பலர். வண்டி மாட்டுக்கு நுகத்தடியைத் திமிலுக்கு முன்னால் வைத்துப் பூட்டுவது எதற்காக? பாரம் ஓரிடத்தில் அறுக்காமல், உடம்பு முழுவதையும் போட்டு இழுக்கட்டும் என்பதற்காக. முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ் நாய்க்குச் செய்வதும் அதுவே. பனிப் பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கும் ஹார்னஸ்தான் பூட்டுகிறார்கள். கழுத்து தப்பிக்கிறது, ஆனால் 30 கிலோ லாப்ரடாருக்கு முன்பைவிட வசதியாக இழுக்க வருகிறது. அந்த இழுப்பு அப்படியே வந்து சேர்வது அறுபத்தைந்து வயது அப்பாவின் மணிக்கட்டில்.

ஆகவே நாய் வலுவானதாகவும் பிடிப்பவர் முதியவராகவோ பிள்ளையாகவோ இருந்தால், மார்பிலும் ஒரு வளையம் உள்ள ஹார்னஸைக் கேட்டு வாங்குங்கள். மார்பு வளையத்தில் கயிறு மாட்டியிருந்தால், நாய் பாயும்போது இழுவிசை அதன் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பும்; நேராகப் போன நாய் நம்மை நோக்கித் திரும்பி நின்றுவிடும். இதிலும் தொல்லைகள் இல்லாமலில்லை. கயிறு முன்காலுக்கு அடியில் போய்ச் சிக்கும். வார்கள் தளர்வாக இருந்தால் ஹார்னஸ் முழுவதும் ஒரு பக்கமாகச் சுழன்று, மறுபக்க அக்குளை அறுக்கும். இரு முனையிலும் கொக்கி உள்ள கயிறு கிடைத்தால் ஒன்றை முதுகிலும் ஒன்றை மார்பிலும் மாட்டுங்கள். முதுகுப் பக்கக் கயிற்றால் நடத்தி, பாயும் நேரத்தில் மட்டும் மார்புக் கயிற்றை இறுக்கினால் போதும். இரண்டு நாள் பழகினால் கைக்கு வந்துவிடும்.

கயிற்றைப் பிடிக்கும் முறையை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எங்களுக்குப் பெரிய குறை. பிடிவளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்சக் கயிற்றை உள்ளங்கைக்குக் குறுக்கே மடித்து விரல்களை மூடுங்கள். கையைத் திறந்தால் கயிறு விடுபட வேண்டும். மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் நாய் பாயும்போது ஆளும் கூடவே விழுவார். விரல் எலும்பும் மணிக்கட்டும் முறிவது இப்படித்தான். கயிற்றின் நீளம் ஐந்து முதல் ஆறு அடி போதும். அதைவிட நீண்டால் நாய் ஓடி வேகம் எடுத்த பிறகு கயிறு முடிகிறது. இழுப்பு இடியாக விழுகிறது. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் டப்பாக் கயிறு நம் தெருக்களுக்கு ஆகாது. ஸ்கூட்டர் வரும் வேகத்தில் அதைச் சுருட்ட முடியாது, மெல்லிய இழை கையை அறுக்கும், கைதவறி விழுந்தால் டப்பா தரையில் தடதடவென்று நாயின் பின்னாலேயே வரும். பயந்த நாய் நிற்காமல் ஓடும்.

ஹார்னஸ் வாங்கும்போது ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று கேட்பதில் பொருளில்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஸ்மாலாக இருக்கும். தையல்காரர் நாடா இருந்தால் அதால் அளங்கள். இல்லையென்றால் நூலைச் சுற்றி, நூலைப் பள்ளிக்கூட ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவு வேண்டும். ஒன்று, கழுத்தின் அடி, அதாவது கழுத்து தோளோடு சேரும் இடம். பட்டை கட்டும் இடம் அல்ல. மற்றொன்று, முன்கால்களுக்குப் பின்னால் விலா மிக அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவு. ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் போன்ற முடி அடர்ந்த நாய்களுக்கு முடியை அழுத்திவிட்டு அளக்க வேண்டும். (நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான், எதுவானாலும் கழுத்து மெலிது.) வளரும் குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவைச் சரிபாருங்கள். ‘வளர்ந்தபின் ஆகும்’ என்று பெரிதாக வாங்கி வைப்பது பள்ளிச் சீருடைக்குச் சரி, குட்டி நாய்க்கு அல்ல. அது உருவிக்கொண்டு ஓடிவிடும்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியது முன்பக்கம். நாயின் மார்பின் முன்னால், கழுத்து முடியும் இடத்தில் கட்டியாக ஒரு எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். முன்வார்கள் கவட்டை வடிவில் இறங்கி அந்த முனையில் சேர வேண்டும். சேரும் இடம் அதற்கு மேலே, தொண்டைக் குழியில் இருந்தால் அது கழுத்துப் பட்டையின் வேலையைத்தான் செய்யும். ‘ஹார்னஸ் போட்டும் இருமுகிறதே’ என்று கேட்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். மார்பைச் சுற்றும் வார், முழங்கை மடங்கும் இடத்திலிருந்து சிறிய நாய்க்கு இரண்டு விரல், லாப்ரடார் அளவு நாய்க்கு நான்கு விரல் பின்னால் இருக்க வேண்டும். ஒட்டிக் கிடந்தால் அக்குளில் முடி உதிர்ந்து தோல் சிவக்கும். எல்லா வாரின் அடியிலும் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மூன்றாவது விரலும் தாராளமாக நுழைந்தால் தளர்வு.

தோளின் குறுக்கே ஒரே பட்டையாகப் போகும் வகை மலிவு, மாட்டுவதும் எளிது. ஆனால் முன்கால் நீளும் ஒவ்வொரு எட்டிலும் மேற்காலின் எலும்பு அந்தப் பட்டையில் முட்டும். எங்கள் பரிந்துரை கவட்டை வடிவம்தான். அதுவும் குறையற்றதல்ல, நடக்கும் நாய்களை அளந்து பார்த்ததில், தோளைத் தடுக்காது என்று கருதப்பட்ட வகையும் முன்கால் நீட்சியைச் சில பாகை குறைத்திருந்தது. ஆகவே வடிவத்தின் பெயரை மட்டும் நம்பாமல் உங்கள் நாயைப் பாருங்கள். ஹார்னஸ் இல்லாமல் இருபது அடி, போட்டு இருபது அடி நடக்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து செல்போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். எட்டு சிறுத்திருந்தால் முன்வாரைச் சரிசெய்யுங்கள், அல்லது வேறு மாடல் பாருங்கள். நாயை வீட்டில் எந்நேரமும் ஹார்னஸோடு விடவும் கூடாது. வாக்கிங் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது நழுவல். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நம் நாட்டு நாய்கள், ஊரிலிருந்து கொண்டுவரும் சிப்பிப்பாறை, கன்னி, இந்தக் கர்நாடகத்தின் முதோல் ஆகிய வேட்டை நாய்கள் எல்லாவற்றுக்கும் நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். சிப்பிப்பாறைக்கும் முதோலுக்கும் தலையே கழுத்தளவுதான். சாதாரணப் பட்டை காதைத் தாண்டி வழுகிவிடும். ஹார்னஸிலிருந்தும் நாய்கள் நழுவுகின்றன. எப்படி என்று கவனியுங்கள். பட்டாசோ லாரி ஹாரனோ வெடித்ததும் நாய் நம்மைப் பார்த்துத் திரும்பி, தலையைத் தாழ்த்தி, பின்னால் போகும். நாம் பயந்து கயிற்றை நம் பக்கம் இழுப்போம். அந்த இழுப்பே வார்களை முழங்கைக்கு மேல் ஏற்றித் தலைவழியாக உருவிக் கொடுத்துவிடும். செய்ய வேண்டியது நேர்மாறானது. நாய் பின்வாங்கினால் கயிற்றைத் தளர்த்தி அதை நோக்கி இரண்டு எட்டு வையுங்கள். பக்கவாட்டில் போய் அதன் முகம் போகும் திசையிலேயே சேர்ந்து நடங்கள். நாயின் கயிற்றைப் பிடிக்கும் எல்லோருக்கும் இதை ஒருமுறையாவது வீட்டுக் கூடத்தில் செய்து காட்டுங்கள்.

வாங்கிய அன்றே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். நாய்க்கு எதிரே நின்று, கயிற்றைத் தாழ்வாகப் பிடித்து மெதுவாக முன்னால் இழுங்கள். வார் முழங்கையைத் தொட்டு ஏறினால் அந்தப் பொருத்தம் தெருவுக்கு ஆகாது. இப்படிப்பட்ட நாய்களுக்கு விலாவுக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கும் இடத்தில் மூன்றாவது வார் வரும் மாடல் இருக்கிறது, அதுவே பாதுகாப்பு. சிப்பிப்பாறை வகைக்கு மார்ட்டிங்கேல் என்ற பட்டையும் உண்டு. இழுத்தால் ஓரளவுக்குச் சுருங்கி நின்றுவிடும், அதற்குமேல் இறுகாது. முழுதாகச் சுருங்கும்போதும் அதன் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் பட்டை பெரிது, தலைவழியாகக் கழன்றுவிடும். 4 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், ஆளில்லாத நேரத்தில் கழற்றி வையுங்கள். கூச்சமுள்ள நாய்க்கு ஹார்னஸ் வளையத்தையும் கழுத்துப் பட்டையையும் ஒரு சிறு இணைப்புக் கயிற்றால் சேர்த்துவிட்டால், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். நழுவிய நாய் யாரையாவது கடித்தால் அலட்சியத்துக்காக வளர்ப்பவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவில் வழக்கு வரலாம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அதில் இருக்கிறது.

அடுக்ககங்களில் வசிப்பவர்களுக்கு லிஃப்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாய் உள்ளே, கயிற்றைப் பிடித்தவர் வெளியே, கதவு மூடிவிட்டது என்றால் லிஃப்ட் கிளம்பும்போது கயிறு கதவிடுக்கில் இறுகும். அது கழுத்தில் இருந்தால் சில நொடிகளில் உயிர் போகலாம். லிஃப்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கயிற்றைத் தரையில் தொங்கவிடாமல் முழுவதும் கையில் சேர்த்து, நாயின் முதுகுக்குமேல் ஒரு சாண் விட்டுப் பிடியுங்கள். முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸ் இந்த இடத்தில் கைகொடுக்கும். தெருநாய்கள் சூழ்ந்துகொண்டாலும் அதைப் பிடித்து நம் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் நான்கு நாய்களை ஒரே லிஃப்டில் ஏற்றுவதைக் குடியிருப்போர் சங்கங்கள் அனுமதிக்கக் கூடாது. இரண்டுக்கு மேல் ஒருவரால் முடியாது.

பொருளின் தரத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். டி வளையத்தின் இணைப்பு பற்றவைத்திருக்கிறதா, இரும்புக் கம்பியை வெறுமனே வளைத்து விட்டிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். வளைத்து மட்டும் விட்டது ஒருநாள் விரியும். கொக்கி பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ ஆனால் நல்லது. முலாம் பூசிய மட்ட உலோகக் கொக்கி சொல்லாமல் கொள்ளாமல் முறியும். வளையம் தைத்த இடத்தில் சதுரத்துக்குள் பெருக்கல் குறிபோலத் தையல் ஓடியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கிள் மூடும்போது இரு பக்கமும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்து நின்றால் முதல் பாய்ச்சலில் திறந்துவிடும். வாரை நீட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் புதிதில் நழுவும் என்பதால் முதல் பத்து நிமிட நடைக்குப் பின் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். கனத்த இரும்புச் சங்கிலியில் நாயைக் கட்டி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அளவுக்கு மீறிக் கனத்த அல்லது குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். கயிற்றைக் கடிக்கும் நாயாக இருந்தால் கொக்கியை ஒட்டி ஒரு சாண் அளவு மட்டும் மெல்லிய சங்கிலி வைத்த கயிறு போதும்.

பெங்களூரு மழையில் நனைந்த ஹார்னஸை அப்படியே மறுநாளும் மாட்டினால் அடியில் தோல் அரித்துப் புண்ணாகும். மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நைலான் வெயிலிலேயே கிடந்தால் இற்றுப்போகும். கழற்றும்போதெல்லாம் அக்குளிலும் மார்பிலும் கைவிட்டு உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹார்னஸ் உறையின்மேல் ஸ்மால், மீடியம் என்பதோடு மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டிவையுங்கள். நாயைக் கூட்டிவந்து போட்டுப் பார்த்து வாங்க இடம் கொடுங்கள். போட்டுப் பார்க்காமல் விற்ற பொருளை மாற்றித்தர மறுப்பதால், பொருந்தாத ஹார்னஸையே வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டு நடக்கின்றன இங்குள்ள நாய்கள்.

அல்சூர் பல்லக்கு உற்சவத்தின் மேளமும் தீபாவளி வெடியும் கூச்சமுள்ள நாய்க்குக் கடினமான நாள்கள். புதிய ஹார்னஸை அந்த வாரத்தில் முதன்முதலாக மாட்டாதீர்கள். மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் ஹார்னஸைத் தரையில் வைத்து அதன்மேல் பிஸ்கட் துண்டு. அடுத்த இரண்டு நாள் கழுத்து வளையத்துக்கு அப்பால் பிஸ்கட்டை நீட்டுங்கள். தலையை நாயே நுழைக்கட்டும், நீங்கள் திணிக்காதீர்கள். தலைவழி மாட்டுவதற்கே மிரளும் நாய்க்குக் கழுத்திலும் பக்கிள் உள்ள வகை கிடைக்கிறது. பிறகு பக்கிளை மூடி ஐந்து நிமிடம் வீட்டுக்குள், அதன்பின் மாடிப்படி, அதன்பின் வாசல். உற்சவத்தன்று மாலை மேளம் கிளம்பும் முன்பே வாக்கிங்கை முடித்து, வார்களின் அளவை அன்று ஒருமுறை விரல் விட்டுப் பார்த்த பிறகே கயிற்றை அப்பாவின் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர்கள் இருவர்,
அல்சூர், பெங்களூரு – 560 008.